பிளாச்சிமடா: ரூ.216 கோடி இழப்பீடு இன்னும் கிடைக்காதது ஏன்? முழு விவரம்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி கிராம ஊராட்சிக்கு உட்பட்ட சிற்றூர் பிளாச்சிமடா. இங்கு ஒரு குளிர்பான ஆலை 2000 மார்ச் முதல் 2004 மார்ச் வரை நான்கு ஆண்டுகள் மட்டுமே இயங்கியது. அது நின்றுபோய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த ஆலையால் ரூ.216.26 கோடி அளவுக்குச் சேதம் நேர்ந்தது என்று கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ஆம் ஆண்டு மதிப்பிட்டது. அந்தத் தொகையை வசூலித்து மக்களுக்கு வழங்க மாநிலச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதா இதுவரை சட்டமாகவில்லை.

பன்னாட்டு நிறுவனங்களால் பாதிக்கப்பட்ட மக்களின் உரிமை குறித்த உலகளாவிய விவாதங்களில் பிளாச்சிமடாவின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. பழங்குடி மக்கள் போராடி வென்ற ஊர் என்றே அது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. ஆலை மூடப்பட்டது என்ற அளவில் அது சரி. இழப்பீட்டைப் பொறுத்தவரை அந்த வெற்றி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

மழை மறைவுப் பகுதி

கேரளம் என்றவுடன் மனத்தில் எழும் பசுமையும் மழையும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதிக்குப் பொருந்தாது. தமிழக எல்லையை ஒட்டி, பொள்ளாச்சிக்கு அருகில் அமைந்துள்ள இப்பகுதி மழை மறைவுப் பிரதேசமாகும். தென்னையும் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடும் விவசாயிகள் கிணற்று நீரையும் கால்வாய் நீரையும் நம்பியே வாழ்கின்றனர். எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினரும் தமிழ் பேசும் விவசாயக் கூலிகளும் இங்கு கணிசமாக உள்ளனர்.

கால்வாய் நீரும் எல்லைக்கு அப்பாலிருந்தே வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் தொடர்பாகத் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரைக் கேரளத்துக்குத் தமிழ்நாடு வழங்க வேண்டும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் இந்த நீருக்காக இரு மாநில அதிகாரிகளும் வாதிடுவது வழக்கம். இத்தகைய வறண்ட நிலத்தில், நீரையே மூலப்பொருளாகக் கொண்ட ஆலைக்கு எவ்வாறு இடம் தரப்பட்டது என்பது அப்போதே எழுப்பப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆலை வந்த விதம்

1977-இல் ஜனதா ஆட்சிக் காலத்தில் இந்தியாவை விட்டு வெளியேறிய கோகோ கோலா நிறுவனம், பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பின் 1993-இல் திரும்பி வந்தது. அதன் துணை நிறுவனமான இந்துஸ்தான் கோகோ கோலா பீவரேஜஸ், பிளாச்சிமடாவில் சுமார் 34 ஏக்கர் நிலத்தை வாங்கியது. பெருமாட்டி ஊராட்சி 2000 ஜனவரியில் உரிமம் வழங்கியது. ஆழ்துளைக் கிணறுகளையும் திறந்த கிணறுகளையும் கொண்டு நாளொன்றுக்கு சுமார் 5 லட்சம் லிட்டர் நீர் எடுப்பதாக நிறுவனம் கூறியது. உண்மையான அளவு அதைவிடப் பல மடங்கு என்று போராட்டக்காரர்கள் கூறினர்.

ஆலை தொடங்கிய சில மாதங்களிலேயே சுற்றியுள்ள குடியிருப்புகளின் கிணறுகளில் மாற்றம் தெரிந்தது. நீர்மட்டம் இறங்கியது ஒருபுறம். மறுபுறம், எஞ்சிய நீர் கடினமாகவும் உவர்ப்பாகவும் மாறியது. அந்த நீரில் வடித்த சோறு விரைவில் கெட்டுப்போவதாகவும், குளித்தால் உடலில் அரிப்பு ஏற்படுவதாகவும் பெண்கள் புகார் கூறினர். குடிநீருக்காக நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்ததால் அவர்களின் கூலி வேலை பாதிக்கப்பட்டது. பின்னாளில் இழப்பீட்டைக் கணக்கிட்டபோது இந்தக் கூலி இழப்பும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே பந்தல் அமைத்துத் தொடர் போராட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடித் தலைவர் சி.கே.ஜானு அதைத் தொடங்கி வைத்தார். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா போராட்டத்தின் முகமாக அறியப்பட்டார். முறையான பள்ளிக் கல்வி இல்லாத அவர், தன் கிணற்று நீரைப் பற்றிப் பேசியே உலக ஊடகங்களின் கவனத்தை ஈர்த்தார். 2007 ஜனவரியில் அவர் காலமானபோது ஆலை மூடப்பட்டிருந்தது. இழப்பீட்டை மதிப்பிடும் குழு அமைக்கப்பட்டிருக்கவில்லை.

ஆலைக் கழிவிலிருந்து கிடைத்த கசடு, உரம் என்ற பெயரில் அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003 ஜூலையில் பிபிசி வானொலி வெளியிட்ட செய்தி இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பெரும் அதிர்வை ஏற்படுத்தியது. கேரள மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்விலும் கசட்டில் காட்மியம் இருப்பது தெரியவந்தது. உச்ச நீதிமன்றம் நியமித்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு 2004 ஆகஸ்டில் பிளாச்சிமடாவைப் பார்வையிட்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குழாய் வழியே குடிநீர் வழங்குமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்?

2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. ஆலையை வரவேற்ற அதே ஊராட்சி எடுத்த முடிவு இது. இந்த முடிவை மாநில அரசின் உள்ளாட்சித் துறை ஏற்கவில்லை; விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கு கிடைத்த இரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இரண்டும் சேர்த்தே படிக்கப்படுகின்றன.

முதல் தீர்ப்பு 2003 டிசம்பர் 16 அன்று தனி நீதிபதி கே.பாலகிருஷ்ணன் நாயர் வழங்கியது. நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரிய செல்வம், அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்பது அதன் சாரம். காற்று, கடல், ஆறு போன்றவற்றை மக்களின் சார்பில் அரசு காத்து நிற்கிறது என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் முன்பே ஏற்றிருந்தது. அதை நிலத்தடி நீருக்கும் நீட்டினார் நீதிபதி. ஆலை ஒரு மாதத்துக்குள் வேறு நீராதாரத்தைத் தேடிக்கொள்ள வேண்டும் என்றார். அதன்பின், 34 ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி பாசனத்துக்கு எவ்வளவு நீர் எடுப்பாரோ அந்த அளவை மட்டும் நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தொழிற்சாலையை அண்டை விவசாயியோடு ஒரே தராசில் நிறுத்திய அளவுகோல் இது.

இரண்டாவது தீர்ப்பு 2005 ஏப்ரல் 7 அன்று இரு நீதிபதிகள் அமர்வு வழங்கியது. நிலத்தின் உரிமையாளருக்கு அதன் அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை உண்டு. சட்டம் அதைக் கட்டுப்படுத்தாத வரை தடுக்க முடியாது என்றது அமர்வு. இந்தக் கருத்தின் வேர் ஆங்கிலேயர் காலத்தில், 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் உள்ளது. கை இறைப்பும் கவலை இறைப்பும் இருந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. பல நூறு அடி ஆழத்திலிருந்து இரவும் பகலும் உறிஞ்சும் மோட்டார்களை அதை எழுதியவர்கள் கண்டதில்லை. கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாடு மற்றும் மேலாண்மை மையத்தின் ஆய்வறிக்கையை ஏற்ற அமர்வு, வழக்கமான மழை பெய்யும் ஆண்டுகளில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று அனுமதித்தது.

ஆயினும் ஆலை மீண்டும் இயங்கவில்லை. வறட்சியைக் காரணம் காட்டி 2004 பிப்ரவரியில் மாநில அரசு நிலத்தடி நீர் எடுக்கக் கட்டுப்பாடு விதித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு மார்ச் 9 முதல் உற்பத்தி நின்றிருந்தது. 2005 ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காட்மியம் குறித்த கேள்விகளுக்கு உரிய விளக்கம் கிடைக்கவில்லை எனக் கூறி இசைவு அளிக்க மறுத்தது. ஊராட்சியின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நிலுவையில் இருந்தது. 2017 ஜூலையில், பிளாச்சிமடாவில் மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று நிறுவனம் தெரிவித்ததும் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. இதனால், நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை அளிக்க நேரவில்லை.

ரூ.216.26 கோடி: கணக்கு என்ன?

கூடுதல் தலைமைச் செயலாளர் கே.ஜெயகுமார் தலைமையில் 2009-இல் அமைக்கப்பட்ட உயர்நிலைக் குழு, 2010 மார்ச் 22 அன்று அறிக்கை அளித்தது. விவசாய இழப்பு ரூ.84.16 கோடி, நீராதாரங்கள் மாசடைந்ததற்கு ரூ.62.10 கோடி, உடல்நலப் பாதிப்புக்கு ரூ.30 கோடி, குடிநீர் வழங்கிய செலவுக்கு ரூ.20 கோடி, கூலி மற்றும் வாய்ப்பு இழப்புக்கு ரூ.20 கோடி எனக் கணக்கிடப்பட்டது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி இத்தொகையை நிறுவனத்திடம் பெற வேண்டும் என்றும், தனி நபர்களின் கோரிக்கைகளை விசாரிக்கத் தனி அமைப்பு தேவை என்றும் குழு பரிந்துரைத்தது. சேதம் நேர்ந்தது என்பதே நிரூபிக்கப்படாத நிலையில், அதை முன்முடிவாகக் கொண்டு குழு அமைக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். தனது ஆலையால் நீர்மட்டம் குறையவில்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து அது மாறவில்லை.

குழுவின் தொகை ஒரு மதிப்பீடு மட்டுமே, தீர்ப்பு அன்று. யாருக்கு எவ்வளவு இழப்பு என்று தனித்தனியே ஆராய்ந்து உத்தரவிட ஒரு தீர்ப்பாயம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் மசோதா.

மசோதாவுக்கு நேர்ந்தது

பிளாச்சிமடாவில் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுச் சிறப்புத் தீர்ப்பாய மசோதாவை 2011 பிப்ரவரி 24 அன்று கேரளச் சட்டப்பேரவை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளும் இடது முன்னணியும் எதிர்க்கட்சியான காங்கிரஸ் கூட்டணியும் ஒரு பொருளில் ஒத்துப்போவது அம்மாநிலத்தில் அரிது. ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பினார். அது மத்திய உள்துறை அமைச்சகத்தை அடைந்தது. அமைச்சகம் விளக்கங்கள் கேட்டது. மாநிலம் பதில் அனுப்பியது. சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒப்புதல் வழங்கப்படாமல் மசோதா திரும்பியது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இல் வந்துவிட்ட நிலையில், இத்தகைய இழப்பீட்டைக் கோர அங்கேயே செல்லலாமே என்பது மத்திய அரசுத் தரப்பின் முக்கிய ஆட்சேபம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தில் ஒரு சிக்கல் உள்ளது. இழப்பீடு கோரும் மனுவை, அதற்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 15-ஆவது பிரிவு. கூடுதலாக 60 நாட்கள் மட்டுமே சலுகை. பிளாச்சிமடாவில் பாதிப்பு தொடங்கியது 2000-ஆம் ஆண்டையொட்டி. ஆலை நின்றது 2004-இல். பசுமைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டதே 2010 அக்டோபரில்தான். மக்கள் செல்ல வேண்டும் என்று காட்டப்பட்ட கதவு, அது பொருத்தப்படும் முன்பே அவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்தது.

தண்ணீர், விவசாயம், பொதுச் சுகாதாரம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளவை என்பதால் சட்டமியற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று கேரளம் வாதிட்டது. ஆனால் ஒதுக்கி அனுப்பப்பட்ட மசோதா மீது முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு காலவரம்பு எதையும் விதிக்கவில்லை. தமிழக ஆளுநர் தொடர்பான வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்குக் காலவரம்பு வகுத்தது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அத்தகைய வரம்பை நீதிமன்றம் விதிக்க இயலாது என்று கருத்துத் தெரிவித்தது.

ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முன்னுதாரணம் போபால். 1984 விஷவாயுக் கசிவுக்குப் பின், பாதிக்கப்பட்டோர் அனைவரின் சார்பிலும் மத்திய அரசே வழக்காடும் வகையில் நாடாளுமன்றம் 1985-இல் தனிச் சட்டம் இயற்றியது. யூனியன் கார்பைடு நிறுவனம் 1989-இல் 47 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. அத்தொகை மிகக் குறைவு என்ற குறை இன்றும் உண்டு. இருப்பினும் அங்கு கோரிக்கைகளை விசாரிக்கச் சட்டப்படியான அமைப்பு ஒன்று இருந்தது. பிளாச்சிமடாவில் மாநிலம் அத்தகைய அமைப்பை உருவாக்க முயன்றபோது மத்திய அரசு அனுமதி தரவில்லை.

ஐ.நா. சபையில் இந்தியாவின் வாக்கு

மசோதா நிறைவேறுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச் சபை ஒரு தீர்மானத்தை ஏற்றது. தூய்மையான குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்பதே அத்தீர்மானம். 122 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 41 நாடுகள் வாக்களிப்பதைத் தவிர்த்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், வணிகமும் மனித உரிமைகளும் குறித்த வழிகாட்டு நெறிகளை ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஏற்றது. அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்ற மூன்று தூண்கள் மீது அந்நெறிகள் நிற்கின்றன. அவை எந்த நாட்டையும் எந்த நிறுவனத்தையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. எனவே கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று ஈகுவடாரும் தென்னாப்பிரிக்காவும் 2014 ஜூனில் கொண்டுவந்த தீர்மானம், 20 வாக்குகள் ஆதரவாகவும் 14 எதிராகவும் பெற்று நிறைவேறியது. அதையும் இந்தியா ஆதரித்தது. அந்த வாக்கு பதிவான நாளில் பிளாச்சிமடா மசோதா டெல்லியில்தான் இருந்தது.

வெளிநாடுகளிலிருந்து வந்த அழுத்தமும் முற்றிலும் பயனற்றுப் போகவில்லை. 2004 ஜனவரியில் பாலக்காட்டில் நடந்த உலகத் தண்ணீர் மாநாட்டில் கனடாவின் மாட் பார்லோ, பிரான்சின் விவசாயத் தலைவர் ஜோஸ் போவே ஆகியோர் பங்கேற்றனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2005 டிசம்பரில் இந்நிறுவனப் பானங்களின் கொள்முதலை நிறுத்தி, சில மாதங்கள் கழித்தே மீண்டும் தொடங்கியது. அதன் விளைவாக நிறுவனம் டெல்லியைச் சேர்ந்த டெரி அமைப்பைக் கொண்டு இந்தியாவில் ஆறு ஆலைகளை ஆய்வு செய்ய வைத்தது. மூடப்பட்டிருந்த பிளாச்சிமடா அந்தப் பட்டியலில் இல்லை.

மூணாறில் கிடைத்தது, இங்கு கிடைக்காதது

எல்லையோரக் கேரளத்தில் தமிழ் பேசும் ஏழைப் பெண்கள் முன்னின்று நடத்திய மற்றொரு போராட்டத்தோடு இதை ஒப்பிடுவது பயனுள்ளது. இடுக்கி மாவட்டம் மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான பெண்கள், தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு, ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டனர். ஒன்பது நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின், முதல்வர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் 20 சதவீத போனஸ் கோரிக்கை ஏற்கப்பட்டது. ரூ.500 தினக்கூலி கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் ரூ.301 தீர்மானமானது.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் நாட்களில் முடிந்தது. காரணம் எளிது: அப்பெண்கள் கொழுந்து பறிக்காவிட்டால் தோட்டம் நின்றுவிடும். பிளாச்சிமடாவின் பெண்கள் ஆலையின் தொழிலாளர்கள் அல்லர், அண்டை வீட்டார். அவர்கள் வேலையை நிறுத்தினால் ஆலைக்கு நட்டமில்லை. அவர்களிடம் இருந்த ஒரே பிடி ஊராட்சியின் உரிமம். ஆலை மூடியதும் அந்தப் பிடியும் போயிற்று. பேச்சுவார்த்தை மேசைக்கு அழைக்க எவருக்கும் கட்டாயம் இல்லாத நிலையில், சட்டம் ஒன்றே அவர்களுக்கு எஞ்சியிருந்த வழி.

தற்போதைய நிலை

மசோதா திரும்பி வந்தபின், புதிய சட்டம் இயற்ற வேண்டும் என்று கோரி 2017 ஏப்ரலில் பாலக்காடு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன் போராட்டம் நடந்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆலை வளாகம் சிகிச்சை மையமாக மாற்றப்பட்டது. 2023-இல் சுமார் 35 ஏக்கர் நிலத்தையும் கட்டடத்தையும் மாநில அரசுக்கு இலவசமாக ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. நிலத்தை ஏற்பது இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிடுவதாகக் கருதப்படக்கூடாது என்று போராட்டக் குழுவினர் வலியுறுத்துகின்றனர்.

இதற்கிடையே 2025 ஜனவரியில், அதே பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளியில் மதுபான ஆலை ஒன்றுக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் அளித்தது. நிலத்தடி நீர் எடுக்கப்படாது, குழாய் நீரும் மழைநீரும் பயன்படுத்தப்படும் என்று அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. எலப்புள்ளி ஊராட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. கூட்டங்களில் பேசியவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிய பெயர், சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிளாச்சிமடா.